1926: ஒரு இலக்கம், இரண்டு பாதை

ஊருக்கு ஊர் ஒரு பெயர் வச்சிருக்கோம். கொழும்பிலும் மலையகத்திலும் 'அங்கொடை'. யாழ்ப்பாணத்தில் 'மந்திகை'. சென்னைக்காரருக்கு 'கீழ்ப்பாக்கம்'. ஒருவரைப் பைத்தியம் என்று நேராகச் சொல்லத் தேவையில்லை. "இவனுக்கு அங்கொடைக்கு டிக்கட் எடுக்கணும்" என்றால் பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் விளங்கிடும். மாத்தளையில் வளர்ந்த நாங்கள், அங்கொடை எந்தப் பக்கம் இருக்கு என்று தெரிவதற்கு முன்னமே அதை ஒரு வசவாகத் தெரிந்து வைத்திருந்தோம். கொழும்புக்குப் போன எங்களில் ஒருத்தி, பஸ் பலகையில் அந்தப் பெயரைக் கண்ட பிறகுதான் அது கடை, பாடசாலை எல்லாம் உள்ள ஒரு சாதாரண ஊர் என்று நம்பினாள்.

இந்தப் பெயர்களில் ஒரு விஷயம் பொது. எல்லாமே போகிற இடங்கள், யாரையோ அனுப்பி வைக்கிற இடங்கள். அங்கே இருந்து யாராவது நம்ம வீட்டு வாசலுக்கு வருவார்கள் என்ற எண்ணமே அந்தப் பகிடிக்குள் கிடையாது. அது ஏன் அப்படி ஆச்சு என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

நெஞ்சுவலி என்றால் என்ன செய்வது என்று இப்போது எங்கள் பக்கம் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்: 1990. பாம்பு கடித்தால், பிரசவ வலி வந்தால், அதுவும் தெரியும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு எல்கடுவைக்கு மேலே ஒரு லயத்தில், மூன்று நாளாக உறங்காத ஒரு அண்ணன் யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கதவை அடைத்துக்கொண்டு கத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ரத்தோட்டையில் ஒரு அக்கா, இனி வாழ்ந்து என்ன என்று சொல்லிவிட்டு இருட்டில் இறங்கி நடக்கிறார். யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டால் யார் வருவார்? இந்த இரண்டாவது கேள்விக்கு இலங்கை அரசு காலத்துக்குக் காலம் கொடுத்த பதில்களைத்தான் நாங்கள் வரிசையாகப் பார்க்கப் போகிறோம்.

முதல் பதில்: பொலிஸ்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் மனநோயாளருக்கு என்று தனியான இடம் இருக்கவில்லை. சிறைகளிலும், ஹெந்தளையில் இருந்த தொழுநோய் வைத்தியசாலையிலும் அடைத்து வைத்தார்கள். 1839இல் ஒரு சட்டம் வந்தது, 1847இல் பொரளையில் ஒரு காப்பகம் வந்தது. பிறகு 1873இல் வந்ததுதான் பெரிய சட்டம், லூனசி ஓர்டினன்ஸ். 'புத்தி பேதலித்தவர்' என்று சந்தேகிக்கப்படும் ஒருவரைப் பொலிஸ் நீதிமன்றத்தில் நிறுத்தும். நீதிமன்றம் விசாரிக்கும், கண்காணிப்பில் வைக்கச் சொல்லும், வைத்தியர் சாட்சி சொல்வார், பிறகு காப்பகம். ஒரு திருட்டு வழக்கு எப்படிப் போகுமோ ஏறக்குறைய அதே பாதை. நோயாளி வந்த வழியெல்லாம் காக்கிச் சட்டையும் கூண்டும் ஃபைலும்தான்.

இந்தச் சட்டம் எத்தனையோ திருத்தம் கண்டது. தானாக விரும்பி வந்து சேரலாம் என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. 1956இல் பெயர் மாறி மனநோய்கள் கட்டளைச் சட்டம் ஆனது. ஆனால் எலும்புக்கூடு 1873இன் எலும்புக்கூடுதான். அதற்குப் பதிலாக ஒரு புதிய சட்டம் வரைவு வரைவாகவே பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1873 என்றால் மாத்தளையில் கோப்பிக் காலம். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து எங்கள் முன்னோர் நடந்து வந்து சேர்ந்த முதல் மலைப்பட்டினம் இதுதான். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று 1872இல் ஒரு சட்டமே போட்டார்கள், மெடிக்கல் வோன்ட்ஸ் ஓர்டினன்ஸ் என்று. ஒரு வருட இடைவெளியில் வந்த இரண்டு சட்டங்கள் இவை. ஒன்று தொழிலாளியின் உடம்பைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. மற்றது, அதே தொழிலாளியின் மனசு குழம்பினால் அவரைப் பொலிஸின் பொறுப்பாக்கியது. உடம்பு வேலை செய்யணுமே, அதனால் அதற்கு டிஸ்பென்சரி. மனசு குழம்பினவர் பெரட்டுக்கு வரப்போவதில்லை, அதனால் அவரை அப்புறப்படுத்தினால் சரி. எங்களுக்கு இது கொஞ்சம் கடுமையான தீர்ப்பாகத் தெரியவில்லை.

உடம்பைத் தேடி எவ்வளவு தூரம் வந்தார்கள் என்பதற்கும் மாத்தளைதான் சாட்சி. 1916இல் அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிதியம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தொடங்கிய இடம் மாத்தளைத் தோட்டங்கள். யோசித்துப் பாருங்கள், இன்றைக்கும் பஸ் ஒழுங்காகப் போகாத மலைகளுக்கு, நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு குழு ஏறி வந்தது. லயம் லயமாகப் போய், ஆளுக்கு ஆள் மலப் பரிசோதனை செய்து, கெனோபோடியம் எண்ணெய் கொடுத்து, திரும்பவும் வந்து பார்த்தது. மலசலகூடம் கட்டுங்கள் என்று சொன்னபோது செலவுக்குப் பயந்து துரைமார் இழுத்தடித்தது தனிக்கதை. புழு ரத்தத்தை உறிஞ்சினால் கொழுந்தும் குறையும், ரப்பர் பாலும் குறையும், அதுதான் அக்கறையின் காரணம் என்பதும் உண்மைதான். இருந்தாலும் ஒன்று நிரூபணமாச்சு. வாசலுக்கு வருவது முடியாத காரியம் இல்லை. வரணும் என்று நினைத்தால் வரலாம்.

அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1926இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்று நாங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, எம்.ஓ.எச். என்று சொல்கிற முழு அமைப்புக்கும் அதுதான் தாய். ஒரு சிறிய நிலப்பரப்பு, அதற்கு ஒரு வைத்திய அதிகாரி, ஒரு சுகாதாரப் பரிசோதகர், வீடு வீடாகப் போகிற மருத்துவமாதுகள். நோயாளி வரும்வரை காத்திருக்காமல் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் அதன் அடிப்படை. இலங்கையின் தாய் சேய் மரணங்கள் பிறகு வேகமாகக் குறைந்ததற்கு இந்த நடையும் ஒரு பெரிய காரணம்.

அதே 1926இல் இன்னொரு நிறுவனமும் திறந்தது. அங்கொடை மனநோய் வைத்தியசாலை.

இந்தத் திகதிப் பொருத்தத்தைக் கண்டபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். ஒரே நாடு, ஒரே வருடம். ஒன்று வீட்டுக்குப் போவது என்ற யோசனை, மற்றது மதிலுக்குள் கொண்டுவருவது என்ற யோசனை. பிரசவத்துக்கு முதலாவது கிடைத்தது, மனசுக்கு இரண்டாவது. இன்றைக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவித் தொலைபேசி இலக்கம் 1926. வைத்தியசாலை பிறந்த வருடத்தின் நினைவு அதில் இருக்கு. களுத்துறையின் 1926 யாருக்கும் நினைவில்லை.

அங்கொடை சீக்கிரமே நிரம்பி வழிந்தது. 1937இல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையின் எட்வர்ட் மாபொதர் என்ற மனநல வைத்தியரை அரசு அழைத்துப் பார்க்கச் சொன்னது. நெரிசலைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை கடுமையானது. எல்லாரையும் ஒரே இடத்தில் குவிக்காமல் பொது வைத்தியசாலைகளுக்கு இந்தச் சேவையைக் கொண்டுபோகணும் என்பது அவருடைய பேச்சு. 1939இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் முதல் வெளிநோயாளர் மனநலக் கிளினிக் வந்தது. பல வருடம் கழித்துக் கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று மெல்ல வெளியே பரவியது. மாத்தளைக்காரருக்கு அங்கொடைக்குப் பதில் கண்டி என்று ஆனது. தூரம் குறைந்தது, திசை மாறவில்லை. இன்னும் 'அனுப்புவது' தான்.

அனுப்புவது என்றால் எப்படி? தோட்டத்தில் லொறி இருந்தால் லொறி, அதற்கும் தொரை உத்தரவு வேண்டும். இல்லாவிட்டால் கம்பளியில் கட்டி நாலு பேர் தூக்கிப் பாதைக்கு இறக்குவது. நோயாளி வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் கயிறு. உடம்பு நோய்க்காரரைத் தூக்கிப் போனால் வழியில் ஆள் சேர்ந்து உதவுவார்கள். இவரைத் தூக்கிப் போனால் வேடிக்கை பார்ப்பார்கள், ஒருவாரம் கதைப்பார்கள். பெண் பிள்ளை என்றால் கல்யாணம் முடிஞ்சுது என்று அர்த்தம். ஆகவே பெரும்பாலும் கதவைச் சாத்திவிட்டு, விடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதைச் சட்டமே கொடுத்தது. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 வரைக்கும் குற்றம். உயிர் தப்பியவர் வைத்தியசாலைக் கட்டிலில் கண் விழிக்கும்போது பக்கத்தில் பொலிஸ் நிற்கலாம். அப்படியிருக்க எந்த அம்மா, எந்தப் புருஷன் வெளியே சொல்லிக் கூப்பிடுவார்? 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது, 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில். பிறகு அது மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட இறங்கியது. மிக ஆபத்தான விவசாய நஞ்சுகளைக் கட்டம் கட்டமாகத் தடை செய்தது இதில் முக்கியமான காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சட்டம் திருந்தியதற்கும் நாங்கள் ஒரு இடம் கொடுப்போம், ஏனென்றால் கூப்பிடப் பயப்படாமல் இருப்பது உதவியின் முதல் படி. அதற்கும் முன்னால், 1974இல், ஜோன் டி மெல் கொழும்பில் 'சுமித்ரயோ'வைத் தொடங்கினார். வைத்தியரும் இல்லை, பொலிஸும் இல்லை, உட்கார்ந்து கேட்கிற சாதாரண மனிதர்கள். சட்டம் குற்றம் என்று சொன்ன காலத்தில் அவர்கள் நோகாமல் கேட்டார்கள். அந்த 24 வருட இடைவெளியை நினைத்தால் பெரிய விஷயம்தான்.

மாத்தளைக்கு என்று இன்னொரு நினைவு இருக்கு, அதைச் சொல்லாமல் 'வாசலுக்கு வருவது' பற்றிப் பேசவே முடியாது. ராத்திரியில் ஒரு வாகனம் வந்து நிற்பது இங்கே நல்ல சகுனம் இல்லை. 1983 ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. 1988, 89இல் சிங்கள இளைஞர்களின் முறை. இலக்கத் தகடு இல்லாத வாகனங்கள் கிராமங்களுக்கு வந்தன, போனவர்கள் திரும்பவில்லை. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் ஒரு கட்டுமானத்துக்காக மண்ணைத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட 150 பேருக்கும் மேல். பரிசோதித்த தொல்லியலாளர் 1980களின் பிற்பகுதி என்றார். அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காலக்கணிப்பு 1950க்கு முந்தியது என்றது. காணாமல் போனவர்களின் தாய்மார் அதை ஏற்கவில்லை. இந்த மாவட்டத்து மக்கள் மனசு சரியில்லை என்றால் போகவேண்டிய வைத்தியசாலை அதுதான், அந்த வளவுதான். எங்கள் பாட்டிமாருக்கு, தமிழ்ப் பாட்டியோ சிங்களப் பாட்டியோ, சீருடைக்காரர் ஜீப்பில் வந்து இறங்குவதை உதவி என்று பெயர் சொல்லி விளங்கப்படுத்துவது லேசான வேலை இல்லை.

ஆகவே வருவது யார் என்பது சின்ன விவரம் இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். கதவுக்குப் பின்னால் ஏற்கனவே பயந்துபோய் இருக்கிற ஒருவருக்கு, முதலில் கண்ணில் படுகிற உடுப்பே மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகலாம்.

இதே நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கு. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் கூட இருந்தவர்களும் ஆசிரியர்கள், கிராமத் தலைவர்கள், பாரம்பரிய வைத்தியர்கள் என்று ஊரில் ஏற்கனவே மக்கள் தேடிப்போகிற ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனநல வைத்தியர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய இடத்தில் வேறு வழியும் இல்லை. 1987இல் தொடங்கிய 'சாந்திகம்' அந்த வழியில் வந்த ஒரு நிறுவனம். சீர்மியம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது, பின்னால்தான் உளவளத்துணை என்று ஆனது. மட்டக்களப்பில் வைத்தியர் மகேசன் கணேசன் 2000களில் கட்டியெழுப்பியதும் இதே கைவேலைதான். ஊர்ப் பிள்ளைகளையே சமூக உளநலப் பணியாளராக்கி, வைத்தியசாலைக் கட்டிலில் இருந்து வீட்டு முற்றத்துக்குச் சேவையை இழுத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுப் பணமும் கவனமும் வந்தபோது, காட்டுவதற்கு ஒரு மாதிரி கிழக்கில் ஏற்கனவே தயாராக இருந்தது.

2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை இதையெல்லாம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு தீவிர சிகிச்சை விடுதி, பிரதேசங்களுக்கு மனநல வைத்திய அதிகாரிகள், சமூகத்துக்குப் போகிற தாதியர். 2008இல் அங்கொடையே தேசிய மனநல நிறுவனம் ஆனது. இன்று மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் இருக்கு, மருந்து இலவசம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே மருந்துக்குக் கண்டிக்கோ அங்கொடைக்கோ போகணும்.

சரி, ராத்திரி பத்து மணிக்குத் திரும்புவோம். கையில் போன் இருக்கு. மூன்று இலக்கம்.

119, பொலிஸ். வருவார்கள். எப்படி வருவார்கள் என்பது அன்றைக்கு நிலையத்தில் இருக்கிறவரைப் பொறுத்தது. 1990, சுவசெரிய. 2016 ஜூலையில் இந்திய அரசின் நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் இருந்து மற்ற மாகாணங்களுக்கும் வந்த இலவச அம்புலன்ஸ் சேவை. தமிழ்நாட்டில் அப்போது 108 ஓட்டிய அதே ஜீ.வி.கே. நிறுவனத்தின் அனுபவத்தோடுதான் இதுவும் தொடங்கியது. அரசு வாகனத்தைப் பற்றி நல்ல வார்த்தை மட்டுமே மக்கள் வாயில் வருகிற அபூர்வம் இது. கொரோனா காலத்தில் அவர்கள் உழைத்த உழைப்பை யாரும் மறக்கவில்லை. மூச்சு, ரத்தம், விபத்து, நஞ்சு என்று உடம்புக்கு வருகிற அவசரங்களை மையமாக வைத்து அமைத்த சேவை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட ஒருவருக்கு உடனே அழைக்கவேண்டிய இலக்கம் இதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த அம்புலன்ஸ்கள் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது பொலிஸ் நிலைய வளவுகளில்தான். 1873இன் நிழல் நீளமானது!

1926, தேசிய மனநல நிறுவனம். 24 மணி நேரமும் மூன்று மொழியிலும். இதோடு 1333ஐயும் சேர்த்துக்கொள்ளலாம், அதுவும் கட்டணமில்லாத ஆலோசனை இலக்கம். பேசலாம், அழலாம், பேசாமலே இருந்தாலும் மறுபக்கத்தில் ஒருவர் இருப்பார். பல உயிர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அது ஒரு குரல். கதவை அடைத்துக்கொண்ட அண்ணன் போனை எடுக்கப்போவதில்லை. மலை ஏறி வந்து, அந்தக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, "தம்பி, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்கிற ஒரு மனநலக் குழு, ராத்திரி பகல் எந்நேரமும் வரக்கூடிய ஒன்று, மாத்தளையில் இல்லை. தாதியும் மனநல வைத்திய அதிகாரியும் வீட்டுக்குப் போவது பகல் வேலை, அதுவும் ஏற்கனவே தெரிந்த நோயாளிக்கு.

அப்போது ராத்திரியில் யார் வருகிறார்? பூசாரி வருகிறார். படித்த பிள்ளைகள் நாங்கள் இதைக் கேட்டுச் சிரிப்பது வழக்கம், சிரிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எங்கள் தோட்டங்களில் மனசு குழம்பினவரின் வீட்டுக்கு நேரம் காலம் பார்க்காமல் நடந்து வருகிற ஒரே ஆள் அவர்தான். தமிழில் பேசுவார். குடும்பத்தைத் தெரியும். விபூதி போட்டு, தண்ணீர் தெளித்து, இது உன் குற்றம் இல்லை, வெளியே இருந்து வந்த ஒன்று என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தை தருகிற ஆறுதலுக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் பெயர் இல்லை. அதே பாதையின் கோரமான முனை எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. தர்கா பக்கத்துக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடுமைக்காரர் இல்லை. கூப்பிட்டால் வருகிற ஆள் யாரும் இல்லாத குடும்பங்கள்.

வாகனமே வருகிற ஊர் ஒன்று இருக்கு, அங்கே எங்கள் சொந்தக்காரர் நிறையப் பேரும் இருக்கிறார்கள். ரொறன்ரோ. 2020 மே 27இல் அந்த நகரத்தில் ரெஜிஸ் கோர்ச்சின்ஸ்கி பக்கே என்ற இளம் பெண்ணின் குடும்பம் உதவி கேட்டு அவசர இலக்கத்துக்கு அழைத்தது. பொலிஸ் வந்தது. பொலிஸ் வீட்டுக்குள் இருக்கும்போதே 24ஆவது மாடியில் இருந்து விழுந்து அவர் இறந்தார். அடுத்த மாதமே பக்கத்து மிஸிஸாகாவில் மனநோயோடு வாழ்ந்த 62 வயதுக்காரர் எஜாஸ் சவுத்ரியை அந்தப் பகுதிப் பொலிஸ் சுட்டது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். மாநகரசபை 2021இல் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டது, 2022 மார்ச் முடிவில் வேலை தொடங்கியது.

நடைமுறை ரொம்ப எளிமை. 211க்கு அழைக்கலாம். 911க்கு அழைத்தாலும் விஷயம் பொருத்தமாக இருந்தால் அங்கிருந்து மாற்றிவிடுவார்கள். ஆயுதமும் சீருடையும் இல்லாத, நெருக்கடிப் பணிக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேனில் வருவார்கள். 16 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும், இலவசமாக, 24 மணி நேரமும். சம்மதம் இல்லாமல் எங்கும் கொண்டுபோக மாட்டார்கள். பேசுவார்கள், சாப்பாடு, தங்குமிடம் தேவையென்றால் பார்ப்பார்கள், இரண்டு நாளுக்குள் திரும்பத் தொடர்பு கொள்வார்கள். தமிழர் செறிந்த ஸ்காபரோ பகுதியில் இதை நடத்துவது தைபு என்ற சமூகச் சுகாதார நிலையம். கறுப்பின மக்களை மையமாக வைத்துத் தொடங்கப்பட்ட நிலையம் அது. பெயர் சுவாஹிலி, நலமாயிரு என்ற மாதிரி அர்த்தம். முதல் வருட மதிப்பீட்டின்படி 911இல் இருந்து மாற்றிவிட்ட அழைப்புகளில் 78 சதவீதம் பொலிஸ் இல்லாமலே முடிந்தது. 2024இல் நகரம் முழுவதுக்கும் விரிந்தது. தீயணைப்பு, பொலிஸ், அம்புலன்ஸ், அதற்கு அடுத்த நாலாவது அவசர சேவை என்று நகரமே சொல்கிறது.

'பணக்கார நாடு, செய்வாங்க' என்று எங்கள் நண்பன் சொன்னான். முழுக்கச் சரியில்லை. இந்த யோசனைக்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவின் யூஜீன் என்ற சிறிய நகரத்து கஹூட்ஸ் சேவை. 1989இல் இருந்து ஒரு தாதியும் ஒரு நெருக்கடிப் பணியாளரும் ஒரு வேனில் போய் வந்தார்கள், உலகம் முழுக்க அதைப் பார்த்துப் படித்தது. 2025 ஏப்ரலில் பணப் பிரச்சினையில் அந்த நகரத்தில் அந்த வேன் நின்றுபோனது. 36 வருடம் ஓடியது பணக்கார நாட்டிலேயே நின்றது. எங்கள் 1916 குழுவும் வெளிநாட்டு நிதியில் வந்ததுதான். ஆனால் அது போன பிறகும் நின்றது ஒன்றுண்டு, அரச சம்பளத்தில் நடக்கிற மருத்துவமாது.

எங்கள் பக்கத்தில் 'மிட்வைஃப் மிஸ்' என்று சொல்கிற அவர்தான் இந்தக் கதையில் எங்களுக்கு மிச்சம் இருக்கிற நூல். தோட்டங்களுக்கு அரச மருத்துவமாது மிகப் பிந்தித்தான் வந்தார், தமிழ் தெரிந்தவருக்கு இன்றைக்கும் தட்டுப்பாடு. ஆனாலும் வருகிறார். குடையும் பையுமாக லயத்துக்கு ஏறி, பிள்ளை பெற்ற தாயைப் பார்க்கிறார். பிள்ளையின் நிறையைப் பார்க்கிறார், தையலைப் பார்க்கிறார். ஒரு மாதம் அளவில் ஒரு கேள்வித்தாளும் எடுக்கிறார். எடின்பரோ அளவுகோல் என்பார்கள், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற பத்துக் கேள்விகள். சிரிக்க முடியுதா, காரணமில்லாமல் பயம் வருதா, உறக்கம் வருதா என்று போகும். பத்தாவது கேள்வி, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளணும் என்ற எண்ணம் வந்ததா என்பது. மாமியார் உள்ளே அடுப்படியில் இருப்பார், அதனால் சில மிஸ்மார் தாயை வாசல் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைத் தாய்க்கு மட்டும்தான் கேட்கிறார்கள். பக்கத்துக் காம்பராவில் வேலை போன அப்பாவுக்கோ, ஏ.எல். பெறுபேறு வந்த பிள்ளைக்கோ கேட்க அவருக்கு நேரமும் கிடையாது, உத்தரவும் கிடையாது. 'ஆம்' என்று பதில் வந்தால் எம்.ஓ.எச்.சுக்கு எழுதுவார், அங்கிருந்து மாத்தளை கிளினிக்குக்கு. கிளினிக் நாள் எது என்று துண்டில் எழுதிக் கொடுப்பார். அவர் பையைப் பூட்டிக்கொண்டு பாதைக்கு இறங்கும்போது பின்னேரம் நாலு மணி, கடைசி பஸ் நாலரைக்கு.